தொழில்நுட்பப் பரிமாற்றச் சேவை எங்கள் குழம்புக்கு என்ன செய்தது

சிங்கப்பூரில் சின்ன அளவில் உணவுத் தொழில் நடத்துகிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் அரசாங்க ஆய்வுக்கூடங்களிலும் தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று ஒரு சேவை இருக்கிறது. ஆய்வாளர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் முறைகளையும் கருவிகளையும் நம்மைப் போன்ற நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்த உதவுவதுதான் அதன் வேலை. எங்கள் கேட்டரிங் நிறுவனத்துக்காக அப்படி ஒரு மையத்தோடு வேலை செய்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறியாளர் நம் சமையல்கூடத்துக்குள் வந்து நிற்கிற பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து. இணையத்தில் போட்டு வைத்திருக்கும் தொழில்நுட்பப் பட்டியலுக்கும், உரிம ஒப்பந்தம் போடுகிற பகுதிக்கும் இரண்டு கொடுக்கலாம், அதற்கு மேல் மனசு வரவில்லை.

மையத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், ஆனால் அந்தக் குறைகள் அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் இல்லை, ஏற்பாடு அமைந்திருக்கிற விதத்தில்தான். மற்ற மையங்களுக்குப் போய் வந்த தொழில் நண்பர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள்.

எதற்காகப் போனோம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சமையல்கூடம் உட்லண்ட்ஸில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, அலுவலக விருந்து, மாதச் சாப்பாடு என்று ஓடுகிற தொழில். வாடகை ஏறுகிறது, வெளிநாட்டு ஊழியர் தீர்வை இருக்கிறது, 2023 மார்ச்சிலிருந்து படிப்படியான சம்பள உயர்வு முறை உணவுச் சேவைத் துறைக்கும் வந்துவிட்டது. உள்ளூர் ஊழியருக்கு நியாயமான சம்பளம் கிடைப்பதில் எனக்கு முழுச் சம்மதம், ஆனால் அந்தச் சம்பளத்தைக் கொடுக்கிற அளவுக்கு நம் பண்டம் சம்பாதிக்க வேண்டும் அல்லவா? பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் அதே சாம்பாரை நம்மைவிட மிகக் குறைந்த செலவில் வைத்துவிடுவார்கள். விலையில் அவர்களோடு மோதி ஜெயிக்கவே முடியாது. இந்த ஊரில் இருந்துகொண்டு பிழைக்க வேண்டுமென்றால், நம் குழம்பு ஒரு வருடம் கெடாமல் இருக்கிற, குளிரூட்டாத கொள்கலனில் கப்பலேறி மெல்பர்னுக்கும் ஆக்லாந்துக்கும் போகிற சரக்காக மாற வேண்டும். உறையவைத்து விற்கலாமே என்று கேட்பீர்கள். கழித்தல் 18 டிகிரியிலேயே தொடக்கம் முதல் கடைசி வரை வைத்திருக்க வேண்டும், லாரி, கிடங்கு, பேரங்காடியின் உறைபெட்டியில் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் காசு. சின்ன நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது.

அதனால் ரிட்டார்ட் பொட்டலம்தான் வழி என்று முடிவு செய்தோம். ராணுவத்தில் தேசிய சேவை செய்தவர்களுக்கு அந்தப் பொட்டலத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, காட்டில் கிழித்துச் சாப்பிட்டிருப்பீர்கள். சமைத்த உணவைப் பல அடுக்கு உறையில் அடைத்து, வாயை ஒட்டி, அழுத்தக் கலனுக்குள் 121 டிகிரியில் வேகவைத்துக் கிருமிகளையும் அவற்றின் வித்துகளையும் கொல்கிற முறை.

இந்தப் பொட்டலம் வந்த வழியைப் பாருங்கள், தொழில்நுட்பப் பரிமாற்றத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வுக்கூடம், வீரர்கள் கனமான தகர டப்பாக்களைச் சுமக்க வேண்டாம் என்று உறை செய்கிற நிறுவனங்களோடு சேர்ந்து இதை உருவாக்கியது. ஜப்பானில் ஒட்சுகா என்ற மருந்து நிறுவனம், நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றும் திரவத்தைக் கிருமிநீக்கம் செய்து பழகிய கையோடு, அதே அறிவைக் கறிக்குழம்புக்குத் திருப்பி 1968இல் பான் கறி என்ற பொட்டலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் மைசூரில் இருக்கிற பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் ராணுவத்துக்காக இந்த முறையை நம் உணவுகளுக்குப் பழக்கியது. அங்கிருந்து தொழில்நுட்பத்தை வாங்கித்தான் எம்.டி.ஆர். ஃபுட்ஸ் தன் உடனடி உணவுப் பொட்டலங்களைக் கொண்டுவந்தது. 2007இல் அந்த நிறுவனத்தை நார்வேயின் ஓர்க்லா வாங்கியது. மைசூர் ராணுவ ஆய்வுக்கூடம், பெங்களூர் நிறுவனம், நார்வே முதலாளி, கடைசியில் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடை அலமாரி. கண்டுபிடித்தவரிடமே தங்கிவிட்ட அறிவால் யாருக்கும் சோறு கிடைப்பதில்லை. வாங்கித் தன் கைக்குப் பழக்கிக்கொண்டவர்தான் சந்தையில் நிற்கிறார்.

சரி, சேவைக்கு வருகிறேன்.

முதலில் இணையத்தில் இருக்கிற பட்டியல். உணவுப் பாதுகாப்பு, உறை, நொதித்தல், கழிவிலிருந்து புரதம் என்று நிறையக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் அதைக் கண்டுபிடித்தவரே தன் சக ஆய்வாளருக்கு எழுதியது போல எழுதியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ வரும், எத்தனை கிலோவாட் மின்சாரம் வேண்டும், மூன்று முனை மின் இணைப்பு தேவையா, தரை எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்பது போலத் தொழிற்கூடம் நடத்துகிறவன் முதலில் கேட்கிற எதற்கும் பதில் இல்லை. பார்க்க வேண்டிய ஓர் எண் மட்டும் இருக்கிறது, தொழில்நுட்பத் தயார்நிலை என்று 1 முதல் 9 வரை போட்டிருப்பார்கள். நாசாவில் தொடங்கிய அளவுகோல் அது. 4 என்றால் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தது என்றுதான் அர்த்தம், 9 என்றால் உண்மையான பயன்பாட்டிலேயே நிரூபணமானது. கையில் காசு குறைவாக இருக்கிற நிறுவனம் 7க்குக் கீழே இருக்கிற எதையும் தொடாமல் இருப்பது நல்லது, இடையில் இருக்கிற தூரத்தை நம் செலவில்தான் நடக்க வேண்டியிருக்கும்.

உரிம ஒப்பந்தம் அடுத்தது. ரிட்டார்ட் முறைக்கு இன்று யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை, அது எல்லாருக்கும் பொதுவான அறிவு. ஆனால் தாளித்த வாசனை பொட்டலத்துக்குள் தங்குவதற்கு அந்த மையம் ஒரு முறை வைத்திருந்தது, அதற்குத்தான் உரிமம். முன்பணம், விற்பனையில் ஒரு பங்கு, விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை. இதெல்லாம் உலக வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் வந்தது மேம்பாட்டு உட்பிரிவைப் படித்தபோது. அந்த முறையை வைத்து நாங்கள் செய்கிற எந்த மேம்பாடும் மையத்துக்கே சொந்தம் என்று எழுதியிருந்தார்கள். அதன்படி பார்த்தால் எங்கள் மாஸ்டர் தன் அனுபவத்தில் வெந்தயத்தை எப்போது போட வேண்டும் என்று மாற்றிச் சொன்னால்கூட அது அவர்கள் சொத்தாகிவிடும்! திருத்தச் சொல்லிக் கேட்டோம். சமையல் குறிப்பும் அதில் செய்யும் மாற்றங்களும் எங்களுக்கு, கருவியிலும் உறையிலும் செய்யும் மாற்றங்கள் இருவருக்கும் பொது என்று ஒருவழியாக மாறியது. கேட்டால் மாற்றுகிறார்கள். ஆனால் கேட்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டத்துறை வைத்திருக்கிற பெரிய நிறுவனத்துக்கு எழுதிய தாளை அப்படியே பத்துப் பேர் வேலை செய்கிற இடத்துக்கு நீட்டுவது சரியில்லை.

இப்போது நல்ல பகுதி. பொறியாளர் வந்தார். சீனப் பெண், உணவுப் பொறியியல் படித்தவர், சாம்பாரைச் சாப்பிட்டிருக்கிறார், வைத்துப் பார்த்ததில்லை. வந்த அன்று எந்தக் கருவியையும் பற்றிப் பேசவில்லை. மாஸ்டர் பக்கத்தில் ஒரு தராசை வைத்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் மதுரைக்காரர், அவருக்குக் கையும் கரண்டியும்தான் அளவு. அவர் மிளகாய்த்தூளை அள்ளும்போதெல்லாம், "அண்ணே, கொஞ்சம் இதில் போடுங்கள்" என்று சைகையால் தராசுத் தட்டைக் காட்டி, எடையைக் குறித்துக்கொண்டு, பிறகு பாத்திரத்தில் கொட்டச் சொன்னார். அண்ணே என்று கூப்பிட எங்கள் உதவியாளர் சொல்லிக்கொடுத்தது. முதலில் மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. ஒரே குழம்பை அவர் மறுபடி மறுபடி வைத்தபோது மிளகாய்த்தூளின் எடை எவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் வந்தது என்று அந்தப் பெண் காகிதத்தில் போட்டுக் காட்டினார், அதைப் பார்த்த பிறகு மாஸ்டருக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. உப்பில் மட்டும் வித்தியாசம் அதிகம், காரணம் கல்லுப்பு, கல் பெரியதும் சிறியதுமாக இருக்கிறது. தூளுப்புக்கு மாறினோம். எந்த உரிமத் தாளிலும் இது வராது.

அடுத்தது பொட்டலத்துக்குள் வெப்பத்தை அளந்தது. இதை நேரில் பார்த்தால்தான் ரிட்டார்ட் என்றால் என்ன என்று புரியும். உறையின் பக்கவாட்டில் சின்னத் துளை போட்டு, கசியாத பூண் பொருத்தி, அதன் வழியாக மெல்லிய வெப்ப உணரிக் கம்பியை விட்டு, அதன் முனையை உருளைக்கிழங்குத் துண்டின் சரியான நடுவில் குத்தி வைத்தார்கள். பொட்டலத்தில் கடைசியாகச் சூடாகிற இடம் அதுதான். அங்கே வெப்பம் போதவில்லை என்றால் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து பிழைத்துக்கொள்ளும், காற்றில்லாத உறைக்குள் அது வளர்ந்து நஞ்சைச் சுரந்தால் ஆளையே கொல்லும். அந்தக் குளிர்ந்த நடுப்புள்ளி 121 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் இருந்ததற்குச் சமமான வெப்பம் பெற வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கிற அடிப்படை, தொழிலில் அதற்கு மேலேயே வைப்பார்கள். திரையில் இரண்டு கோடுகள் ஓடுகின்றன. கலனின் வெப்பம் மளமளவென்று ஏறி நேராக நிற்கிறது, உருளைக்கிழங்கின் நடுப்பகுதி மட்டும் நிதானமாக, வெகுநேரம் கழித்து மேலே வருகிறது. ரசம் மாதிரித் தண்ணியாக இருப்பது தானே சுழன்று சீக்கிரம் சூடாகிவிடும், குர்மா போலக் கெட்டியானதில் வெப்பம் ஊர்ந்துதான் உள்ளே போகும். கெட்டி ஒரு துளி கூடினாலும் நேரக்கணக்கு மாறிவிடும். அதனால்தான் மிளகாய்த்தூளை அந்தப் பெண் அத்தனை அக்கறையாக எடை போட்டிருக்கிறார், மாவுப் பொருளும் பருப்பும் தேங்காயும் அப்படியே.

ஆறவைக்கும்போதும் விஷயம் இருக்கிறது. கலனின் அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் பொட்டலம் உள்ளேயே கொதித்து ஊதி வெடிக்கும், ஆகவே வெளியிலிருந்து காற்றழுத்தம் கொடுத்துக்கொண்டே குளிர்ந்த நீரைப் பாய்ச்ச வேண்டும். உறையின் வாயில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் ஒட்டு பலவீனமாகிவிடும். நம் குழம்பு எல்லாமே எண்ணெய் மிதக்கிறது. நிரப்பும் குழாயின் முனை உறைக்குள் ஆழமாக இறங்கி, கடைசிச் சொட்டை உறிஞ்சிக்கொண்டு மேலே வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள். சோதனைப் பொட்டலங்களை 37 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, ஊதுகிறதா, கசிகிறதா, புளிக்கிறதா என்று பார்த்தார்கள்.

ஒவ்வொரு பண்டமும் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சாம்பாரில் துவரம்பருப்பை முக்கால் வேக்காட்டில் நிறுத்திவிட வேண்டும், மீதியைக் கலன் பார்த்துக்கொள்ளும். முழுதாக வேகவைத்து அடைத்தால் பசையாகிவிடுகிறது. முருங்கைக்காய் நார்நாராகப் பிரிந்துவிடுவதால் அதை விட்டுவிட்டோம், கத்தரிக்காயும் கரைந்து போனது. சின்ன வெங்காயம் அருமையாக நின்றது. கறிவேப்பிலை எப்படிச் செய்தாலும் பழுப்பாகிறது, அந்தப் பச்சை நிறப்பொருள் இவ்வளவு வெப்பம் தாங்காது. ஆகவே கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட தாளிப்பைத் தனிச் சிறு பொட்டலமாகக் கூடவே வைப்பது என்று முடிவானது, வாங்குகிறவர் சூடாக்கியதும் மேலே ஊற்றிக்கொள்ளலாம். உரிமம் வாங்கிய முறை இந்தச் சிறு பொட்டலத்தில்தான் பயன்படுகிறது, பெருங்காய வாசனை மாதக்கணக்கில் நிற்கிறது, அதற்குக் கொடுத்த காசு வீண் இல்லை.

குர்மா இன்னும் சரியாகவில்லை. தேங்காய்ப்பால் அந்த வெப்பத்தில் திரிந்து, நிறமும் மங்குகிறது. கசகசா சிங்கப்பூரில் தடை என்பதால் முன்பிருந்தே முந்திரிதான் அரைக்கிறோம், அது கொஞ்சம் கைகொடுக்கிறது. வெப்பம் தாங்கும் மாவுச்சத்து ஒன்றைச் சேர்த்துப் பார்த்தார்கள், கட்டி தட்டவில்லை, ஆனால் வாயில் வழவழவென்று ஒட்டுகிறது. மாஸ்டர் ஒரே வாய் வைத்துவிட்டு வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி.

எங்களுக்குப் பெரிய லாபம் வத்தக்குழம்பில் வந்தது. அதையும் ரிட்டார்ட் செய்யலாம் என்று எடுத்துப் போயிருந்தோம். பொறியாளர் அமிலத்தன்மையை அளந்து பார்த்துவிட்டு, இதற்கு அந்தக் கருவியே வேண்டாம் என்றார். பி.எச். என்ற அமில எண் (எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) 4.6க்குக் கீழே இருந்தால் அந்தப் பயங்கர வித்து முளைக்காது, நன்றாகக் கொதிக்கும் சூட்டிலேயே நிரப்பி மூடி, மிதமான வெப்பத்தில் கொஞ்ச நேரம் சூடாக்கினால் போதும். புளிக்குழம்பு நாள்பட்டும் கெடாமல் இருப்பது நம் பாட்டிமார் அறிந்ததே, ஆனால் அதற்கு எண் என்ன, எல்லை எங்கே என்று தெரிந்தால்தான் சிங்கப்பூர் உணவு அமைப்பிடமும் வெளிநாட்டு வாங்குநரிடமும் பேச முடியும். அதிலும் ஒரு நுணுக்கம் சொன்னார். குழம்பை மட்டும் அளந்தால் போதாது, உள்ளே கிடக்கிற முழுப் பூண்டை எடுத்துக் கழுவி, நசுக்கி, அதன் நடுப்பகுதியின் அமிலத்தை அளக்க வேண்டும். எண்ணெய் சூழ்ந்த பூண்டுக்குள் புளி ஏறவில்லையென்றால் குழம்பு புளித்தாலும் பூண்டு ஆபத்தானதாகவே இருக்கும். எங்கள் பூண்டு பெரியதாக இருந்ததால் நடுவில் அளவு சரியாக வரவில்லை. சிறிய பூண்டாகப் போட்டு, புளித்தண்ணீரிலேயே முதலில் வேகவைக்கிற மாதிரி மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒரு பெரிய கருவிக்கான செலவு அந்த ஒரு பேச்சில் மிச்சம். கருவி விற்கிறவரிடம் போயிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா?

இதனால்தான் எனக்கு இந்தச் சேவையின் உயிர் மனிதரில் இருக்கிறது என்று இவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது. இந்த நாடு மேலே வந்ததும் அப்படித்தானே. 1960இல் டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் குழு வந்தது, அடுத்த வருடமே பொருளியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. வெளிநாட்டு ஆலைகளைக் கூப்பிட்டதை மட்டும்தான் எல்லாரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது பயிற்சி நிலையங்கள். 1972இல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து அரசாங்கம் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது, 1973இல் ஜெர்மனியின் ரோலை கேமரா நிறுவனத்தோடு, 1975இல் பிலிப்ஸோடு. பையன்கள் அங்கே துல்லியக் கருவி செய்யவும், அச்சு வார்க்கவும், லென்ஸ் தேய்க்கவும் கற்றார்கள், ஆசான் பக்கத்திலேயே நின்று கற்றுக்கொடுத்தார். ரோலையின் ஆலை 1981இல் மூடப்பட்டது. ஆலை போனாலும் அங்கே பழகிய கைகள் சிங்கப்பூரிலேயே இருந்தன, வேறு ஆலைகளுக்குப் போயின. ஒப்பந்தத்தாள் மட்டும் வந்திருந்தால் ஆலையோடு அதுவும் போயிருக்கும்.

அரசாங்கத்தின் ஆராய்ச்சி அமைப்பான ஏ ஸ்டார் 2003 முதல் டி-அப் என்ற திட்டத்தில் தன் ஆய்வாளர்களை உள்ளூர் நிறுவனங்களுக்கு அனுப்பி, அங்கேயே இருந்து வேலை செய்ய வைக்கிறது. இந்தத் திட்டத்தைப் பற்றி நம் வணிகர்களிடையே பேச்சே இல்லை. ஆய்வு, புத்தாக்கம், தொழில்முனைப்புக்கு அரசாங்கம் ஐந்தாண்டுத் திட்டம் போட்டுச் செலவழிக்கிறது, 2021 முதல் 2025 வரைக்கான திட்டத்துக்கு முதலில் ஒதுக்கியதே 25 பில்லியன் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அதில் எவ்வளவோ ஆராய்ச்சிக்குப் போகட்டும், நாட்டுக்கு அது வேண்டும். ஆனால் அந்த அறிவு உட்லண்ட்ஸ், செனோக்கோ, பிடோக் தொழிற்கூடங்களுக்குள் இறங்குவதற்கு இன்னும் நிறையப் பொறியாளர்கள் வேண்டும்.

காசு விஷயம். புத்தாக்கத்துக்கான வரிச்சலுகை 2024 முதல் 2028 வரையான வரி மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு இருக்கிறது. தகுதியுள்ள ஆய்வுச் செலவு, அறிவுசார் சொத்துரிமைப் பதிவு, உரிமம் வாங்கும் செலவு ஆகியவற்றுக்கு 400 விழுக்காடு வரை வரிக்கழிவு. 10,000 வெள்ளி செலவு செய்தால் 40,000 வெள்ளியை வருமானத்திலிருந்து கழிக்கலாம், 17 விழுக்காடு வரியில் 6,800 வெள்ளி மிச்சம். பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம் போன்றவற்றோடு செய்யும் புத்தாக்கத் திட்டங்களுக்கும் இது உண்டு, ஆண்டுக்கு 50,000 வெள்ளிச் செலவு வரை. லாபமே இல்லை, வரி எங்கே கட்டுவது என்கிறவர்கள், தகுதி இருந்தால், 100,000 வெள்ளி வரையான செலவில் 20 விழுக்காட்டை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம், குறைந்தது மூன்று உள்ளூர் முழுநேர ஊழியர்கள் இருக்க வேண்டும். நிறுவனங்கள் வளர உதவும் அரசாங்க அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நிறுவன மேம்பாட்டு மானியம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தகுதியுள்ள செலவில் பாதி வரை தரும். மானியம் வந்த பகுதிக்கு வரிக்கழிவு கேட்க முடியாது, கணக்கரிடம் முதலிலேயே சொல்லிப் பிரித்து எழுதி வையுங்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே வேலையைத் தொடங்கிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

கருவியை உடனே வாங்காதீர்கள். செனோக்கோவில் ஜே.டி.சி. உணவு மையத்தில் ஃபூட்பிளான்ட் என்ற பொதுக்கூடம் இருக்கிறது, சின்ன அளவில் தயாரித்து விற்றுப் பார்ப்பதற்கான உரிமத்தோடு நடக்கிற இடம். சந்தை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு முதலீடு செய்யலாம்.

எங்கள் மையத்தில் இன்னும் சில குறைகள். சோதனைக் கலனுக்கு வரிசை நீளம், மாணவர்களுக்குத் தேர்வு வந்தால் நம் முறை தள்ளிப்போகிறது. சுவை பார்க்கிற குழுவில் தென்னிந்தியச் சாப்பாடு பழகியவர் யாரும் இல்லை, பெருங்காய வாசனையைக் குறை என்று எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் கேட்டுக்கொண்ட பிறகு நம் ஆட்களையும் அழைத்தார்கள், மதிப்பெண் தலைகீழாக மாறியது. செயல்முறைக் கையேடு முழுக்க ஆங்கிலத்தில், படங்களும் குறைவு. கலனை இயக்கப் போகிறவர் தமிழில் படிக்கிறவர், ஆகவே வெப்பம், அழுத்தம், நேரம், எந்த எண்ணைத் தாண்டினால் பொட்டலங்களை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் நாங்களே தமிழில் எழுதிக் கலனுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, திட்டம் முடிந்த தேதியோடு பொறியாளரின் வருகையும் முடிந்துவிடுகிறது. உண்மையான கேள்விகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பருப்பின் வகை மாறுகிறது, உறை தருகிறவர் மாறுகிறார், அப்போது யாரைக் கேட்பது? விற்பனை தொடங்கிய பிறகும் ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு நாள் அந்தப் பொறியாளர் வந்து போகிற மாதிரி கட்டணத்திலேயே சேர்த்துவிட்டால் நான் சந்தோஷமாகக் கூடுதலாகவே கொடுப்பேன்.

தினமும் சமைத்து அன்றன்றே விற்றுத் தீர்கிற கடைக்காரருக்கு இந்தச் சேவை தேவையில்லை. ஒரே பண்டத்தைப் பெரிய அளவில், வெளியூருக்கும் அனுப்ப நினைக்கிறவர்கள் கட்டாயம் போக வேண்டும். முதல் சந்திப்புக்கே சமையல் குறிப்பை எடைக்கணக்கில் எழுதி எடுத்துப் போங்கள், எந்த நாட்டில் விற்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அந்த நாட்டின் விதிக்கேற்பச் சோதனை மாறும். யார் நேரில் வரப்போகிறார், எத்தனை நாள் உங்கள் கூடத்தில் இருப்பார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கடைசித் தவணையைக் கட்டுவதற்கு முன் வெப்ப உணரியின் பதிவுகள் முழுவதையும், சுருக்க அறிக்கை மட்டுமல்ல, ஒவ்வொரு ஓட்டத்தின் எண்களையும் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். வேறு தொழிற்கூடத்துக்கு மாறினாலோ வேறு கலன் வாங்கினாலோ அந்த எண்களை வைத்துத்தான் மறுபடி தொடங்க முடியும்.